ஷியர் கிராமத்தைச் சுற்றி ரோடு பைக்கில் எந்த வழியாகப் போகலாம்?

கேள்வி இதுதான்: லண்டனின் தென்மேற்குப் புறநகரான சர்பிட்டனில் குடியிருக்கிறீர்கள், புதிதாக ரோடு பைக் (மெல்லிய டயர் வைத்த சாலைச் சைக்கிள்) வாங்கியிருக்கிறீர்கள், ரிச்மண்ட் பார்க்கைச் சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டது. சர்ரே குன்றுகளில் இருக்கும் ஷியர் கிராமத்தை மையமாக வைத்து 30 முதல் 50 கிலோமீட்டர் ஓட்ட ஆசை. எந்தச் சாலையில் போகலாம், எதைத் தவிர்க்கலாம், அங்குள்ள ஏற்றங்களைத் தாங்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் இந்தப் பக்கத்தில் கிலோமீட்டர் கணக்கை நம்பாதீர்கள். ஒரே சாலை, ஒரே தூரம். ஒரு திசையில் போனால் பேசிக்கொண்டே ஓட்டலாம், எதிர்த் திசையில் வந்தால் மூச்சு வாங்கும். எனவே எந்தக் குன்றை எந்தப் பக்கமாக ஏறுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

காரணம் நில அமைப்பு. டில்லிங்போர்ன் என்ற சின்ன ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் ஷியர் இருக்கிறது. வடக்கே நார்த் டவுன்ஸ் என்கிற வெள்ளைச் சுண்ணப்பாறைத் தொடர். தெற்கே பிட்ச் ஹில், ஹோம்பரி ஹில், லீத் ஹில் என்று வரிசையாக மணற்கல் குன்றுகள். இரண்டு தொடர்களுமே வடக்குப் பக்கம் மெதுவாகச் சரியும். தெற்குப் பக்கம் வெட்டிவிட்டாற்போல் இறங்கும். பூங்காவில் இருக்கும் சறுக்குமரம் போலத்தான்: வடக்கே சறுக்குப் பலகை, தெற்கே ஏணி. லண்டனிலிருந்து தெற்கு நோக்கிப் போகும்போது நீங்கள் பலகைப் பக்கமாக ஏறி ஏணிப் பக்கமாக இறங்குகிறீர்கள். காலையில் எல்லாமே சுலபமாகத் தெரியும், 'இவ்வளவுதானா சர்ரே குன்றுகள்?' என்று தோன்றும். சாயங்காலம் களைத்துத் திரும்பும்போது ஏணி எதிரே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் பாதியில் துவண்டுபோவது பெரும்பாலும் இதனால்தான், உடம்பில் தெம்பில்லாமல் அல்ல.

காற்று மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டும். தெற்கு இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். தெற்கே சமவெளிக்குப் போகும்போது முகத்தில் அறைந்தாலும், வடக்கே திரும்பி ஏறும்போது முதுகைத் தள்ளிக் கொடுக்கும்.

சர்பிட்டனிலிருந்து ஷியர் வரை சைக்கிளிலேயே வருவதானால் கிட்டத்தட்ட 30 கி.மீ. ஆகும், அதில் பாதி புறநகர் சிக்னல்கள். ஆரம்பத்தில் அந்தச் சிரமம் வேண்டாம். கில்ஃபோர்டு போகும் ரயிலில் ஹார்ஸ்லி வரை வாருங்கள். வாரநாட்களில் காலை மாலை நெரிசல் நேர ரயில்களில் மடக்காத சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். வார இறுதியில் அந்தத் தொல்லை இல்லை. ஹார்ஸ்லியிலிருந்து கிரீன் டீன் என்ற சாலை மரங்களுக்கு நடுவே, ஏறுகிறோம் என்பதே தெரியாமல், டவுன்ஸின் உச்சிக்குக் கொண்டுவந்து விடும். அங்கிருந்து ஷியருக்குள் இறங்கும் கூம் லேன் மட்டும் சுகமில்லை. செங்குத்து, கொண்டை ஊசி வளைவு, மர நிழலால் காயாத தரை. பிரேக்கில் பழகிய கை என்றால் மெதுவாக இறங்கலாம். முதல் தடவை என்றால் மேலிருந்து ஸ்டேபிள் லேன் பக்கம் திரும்பி, நியூலண்ட்ஸ் கார்னரில் நின்று தெற்கே விரியும் காட்சியைப் பார்த்துவிட்டு, ஏ25 சாலையின் அகலமான இறக்கத்தில் வாருங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் சாலைப் பந்தயமும் இந்த நியூலண்ட்ஸ் கார்னர் வழியாக இறங்கி, ஷியர், காம்ஷல், ஆபிஞ்சர் ஹாமர், டார்க்கிங் என்று போய்த்தான் பாக்ஸ் ஹில்லை அடைந்தது.

ஏ25 என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்கின் நெடுக மட்டமாக ஓடும் சாலை இது ஒன்றுதான், அதனால் எல்லா வண்டியும் இதில்தான் வரும். வரைபடத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஞாயிறு விடிகாலையில் ஓட்டலாம். பத்து மணிக்கு மேல் ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்குத் தாவ மட்டும் பயன்படுத்துங்கள்.

இனி வழிகள். முதல் முறை வருகிறவருக்கு நான் சொல்வது தெற்கே ஒரு சின்னச் சுற்று, சுமார் 25 கி.மீ. ஷியரிலிருந்து காம்ஷல் வழியாக ஆபிஞ்சர் ஹாமர். அங்கே சாலைக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒரு கடிகாரம் தொங்கும். மணிக்கொரு தரம் கொல்லன் பொம்மை ஒன்று சுத்தியலால் மணியை அடிக்கும். 'நீ எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பதை என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்' என்கிற பொருளில் அதில் எழுதியிருப்பார்கள். சைக்கிள்காரர்களுக்கென்றே எழுதினாற்போல இருக்கும். முன்காலத்தில் இந்த ஆற்று நீரை வைத்து இங்கே இரும்புப் பட்டறை ஓட்டினார்கள், கொல்லன் வந்தது அப்படித்தான். அதே ஆற்றின் கீழ்ப்போக்கில், மேற்கே சில்வொர்த்தில், கிழக்கிந்தியக் கம்பெனி 1626-இல் வெடிமருந்து ஆலை ஒன்றைத் தொடங்கியது. கம்பெனி போன பிறகும் மற்றவர்கள் நடத்தி 1920 வரை அங்கே வெடிமருந்து தயாரானது. காலால் தாண்டிவிடலாம் போன்ற ஓடைக்கு இப்படி ஒரு கணக்கு.

கடிகாரத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் பி2126-இல் திரும்புங்கள். ஹோம்பரி செயின்ட் மேரி வரை சாலை நோகாமல் ஏறும். இது பலகைப் பக்கம் அல்லவா? சின்ன கியருக்குக்கூடப் பெரும்பாலும் வேலை இருக்காது. கிராமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இறக்கம் ஆரம்பித்து ஃபாரஸ்ட் கிரீனில் கொண்டுவிடும். இங்கிருந்து தெற்கே வீல்ட் என்னும் களிமண் சமவெளி. ஓக் மரங்கள், புல்வெளி, அங்கங்கே பண்ணை வீடு, அவ்வளவுதான். மேற்கே திரும்பி யூஹர்ஸ்ட் போங்கள். அங்கே தண்ணீரைக் குடித்து, வாழைப்பழம் ஏதாவது சாப்பிட்டு, மேல்சட்டையைக் கழற்றிப் பையில் வையுங்கள். அடுத்து வருவது பிட்ச் ஹில், ஏணிப் பக்கம்.

யூஹர்ஸ்டிலிருந்து பிட்ச் ஹில் ஏற்றம் கொல்லாது, ஆனால் விளையாட்டும் இல்லை. வீடுகள் தீரும் வரை சாதாரணமாக இருக்கும் சாலை, மரங்களுக்குள் நுழைந்ததும் நிமிரும். இங்கேயே முழு பலத்தையும் காட்டிவிடாதீர்கள். உட்கார்ந்தபடியே, மிகச் சின்ன கியரில், மூக்கால் மூச்சு விட முடிகிற வேகத்தில் ஏறினால் போதும். உச்சியைத் தாண்டிவிட்டால் ஹவுண்ட் ஹவுஸ் சாலை ஷியர் வரைக்கும் காட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகும். இடையில் இடப்பக்கம் வலப்பக்கம் திரும்பத் தோன்றும் மண் பாதைகளைக் கண்டுகொள்ளாதீர்கள். இந்த வடக்குச் சரிவில் கிழக்கே ஒதுங்கினால் பீஸ்லேக். மலைச் சைக்கிள்காரர்களின் தலைநகரம் என்றே சொல்லலாம். அங்குள்ள கிராமக் கடையின் சீஸ் ஸ்ட்ரா பேர்போனது: பாலாடைக்கட்டி போட்டு நீளமாகச் சுட்ட, உப்புக் கரிக்கும் பலகாரம். சூடாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

இந்தச் சுற்றை எதிர்த்திசையில் ஓட்டலாமா என்றால் ஓட்டலாம், தூரம் அதேதான். ஆனால் பிட்ச் ஹில்லின் செங்குத்துப் பக்கத்தை இறக்கமாக வைத்துக்கொள்வீர்கள், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே கழியும். என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: செங்குத்தில் ஏறு, சரிவில் இறங்கு. ஏறும்போது வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர்தான், விழுந்தாலும் சிராய்ப்போடு போகும். இறங்கும்போது அப்படியில்லை.

கால் பழகியதும் லீத் ஹில். ஃபாரஸ்ட் கிரீன் வரை மேலே சொன்ன அதே வழி. அங்கிருந்து மேற்கே போகாமல் கிழக்கே ஆக்லி பக்கமாகப் போய், டான்ஹர்ஸ்ட் லேனில் இடப்பக்கம் ஏறுங்கள். நூறு மீட்டருக்கு மேல் உயர வேண்டும். ஆரம்பத்தில் வயல்கள் நடுவே நேராகப் போகும், நடுவில் கொஞ்சம் இளைப்பாற விடும், பிறகு காட்டுக்குள் மறுபடியும் இழுக்கும். எனக்கு இந்தப் பக்கத்திலேயே பிடித்த ஏற்றம் இதுதான். காரே வராமல் முழுவதையும் ஏறிவிடும் காலைகள் உண்டு. லீத் ஹில்லின் உயரம் 294 மீட்டர். அதாவது ஆயிரம் அடிக்குச் சற்றுக் குறைவு. 18-ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ஹல் என்பவர் உச்சியில் ஒரு கோபுரம் கட்டினார். அதன் தலை ஆயிரம் அடியைத் தாண்டும். அதன் அடியிலேயே அவரைப் புதைத்திருக்கிறார்கள். கோபுரம் வரை தார்ச்சாலை கிடையாது, மண் பாதையில் ஏற வேண்டும். பெடலில் மாட்டும் கிளீட் வைத்த ஷூவோடு நடப்பது அவஸ்தை, நான் பெரும்பாலும் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

மேலிருந்து வீடு திரும்ப இரண்டு வழி. வடக்கே ஆபிஞ்சர் காமன் வழியாக ஆபிஞ்சர் ஹாமருக்கு நீளமான, மென்மையான இறக்கம். மொத்தச் சுற்று 30 கி.மீ. அளவில் முடியும். இன்னொன்று கிழக்கே கோல்டுஹார்பர் கிராமம் வழியாக டார்க்கிங்குக்கு. இந்தச் சாலை சில இடங்களில் தரைமட்டத்துக்குக் கீழே, இருபுறமும் மண் சுவர் எழும்பி, மர வேர்கள் தொங்க, சுரங்கம் போல ஓடும். நூற்றாண்டுக் கணக்கில் வண்டிச் சக்கரமும் மழைநீரும் மென்மையான மணற்கல்லை அரித்து உண்டாக்கிய பள்ளச் சாலைகள் இவை. பார்க்க அழகு. ஆனால் உள்ளே வெயில் படாது, பாசியும் ஈர இலையும் வளைவிலேயே காத்திருக்கும். எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்க ஓரமும் இருக்காது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் வெயிலிலிருந்து இதற்குள் நுழையும் சில விநாடிகள் கண்ணே தெரியாது. மூக்கு நுனிக்கு இறக்கிவிடுங்கள்.

டார்க்கிங் வந்துவிட்டால் ரயில் இருக்கிறது, அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். போதவில்லை என்றால் ரான்மோர் ஏறி, கிராக்நார்த் சாலை வழியாகக் கூம் லேனின் மேல்முனைக்கு வந்து ஷியருக்கு இறங்கினால் 40 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். ரான்மோர் மேட்டில் சிக்கிமுக்கிக் கற்களைப் பதித்துக் கட்டிய ஒரு தேவாலயம், உயர்ந்த கூம்புக் கோபுரத்தோடு, தன்னந்தனியாக நிற்கும். 1859-இல் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது. அதற்கு மேற்கே கிட்டத்தட்ட மட்டமான சாலை, இருபுறமும் காடு. இந்த மேட்டுச் சாலைக்காகவே ரான்மோர் ஏறலாம்.

பாக்ஸ் ஹில்லைச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ஜிக் ஜாக் சாலை சுமார் 2.5 கி.மீ., சராசரி 5 சதவீதம். பெயர்தான் பெரிது, ஏற்றம் அங்குள்ளவற்றிலேயே சாதுவானது. ஒலிம்பிக்கில் ஆண்கள் பாக்ஸ் ஹில் சுற்றை ஒன்பது முறையும் பெண்கள் இரண்டு முறையும் ஓட்டினார்கள். ஆண்களில் கஜகஸ்தானின் வினோகுரோவ் தங்கம் வென்றார்; மறுநாள் கொட்டும் மழையில் நெதர்லாந்தின் மரியான் வோஸ், பிரிட்டனின் லிஸி ஆர்மிட்ஸ்டெட்டைக் கடைசி நொடியில் முந்தினார். அன்றிலிருந்து சனி ஞாயிறில் அந்தச் சாலை சைக்கிள் சந்தைதான். ஒருமுறை ஏறி, மேலே நேஷனல் டிரஸ்ட் கடையில் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். கூட்டம் பிடித்தவர்களுக்கு நல்ல இடம். எனக்கு லீத் ஹில்லே போதும்.

இரண்டு ஏற்றங்களை மட்டும் தள்ளி வையுங்கள். ஒன்று கிரான்லியிலிருந்து வடக்கே ஏறும் பார்ஹாட்ச் லேன். சரிவு 20 சதவீதத்தைத் தொடும். இருட்டுக் காட்டுக்குள் நேராக எழும்பும் இடத்தில் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். மற்றொன்று ஆபிஞ்சர் பக்கத்தில் ஏ25-லிருந்து டவுன்ஸுக்கு ஏறும் வொயிட் டவுன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை வந்தால் தடுக்க என்று கட்டிய கான்கிரீட் காவல் அறைகள் அந்தச் சரிவில் இன்னும் இருக்கின்றன. படையெடுத்து வருகிறவனுக்கே கடினம் என்று நினைத்த சரிவு அது. அதில் இறங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதற்குச் சற்று மேற்கே அடிவாரத்தில் ஒரு கல் சிலுவை இருக்கிறது. டார்வின் கொள்கையை எதிர்த்து ஆக்ஸ்ஃபோர்டில் வாதாடிய பிஷப் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ் 1873-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்த இடம்.

வழியைத் திட்டமிட ஆப் போதும், ஆனால் அதை அப்படியே நம்பாதீர்கள். சைக்கிள் போகச் சட்டப்படி அனுமதி இருக்கிறது என்பதற்காகக் குதிரைப் பாதைகளுக்குள்ளும் அது திருப்பிவிடும். மணற்கல் பகுதியில் அந்தப் பாதைகள் வெறும் மணல், மெல்லிய டயர் புதைந்துபோகும். கிரான்லி வழியாக ஓடும் டவுன்ஸ் லிங்க்கும் இப்படித்தான். 1965-இல் மூடிய ரயில் தடத்தின் மேல் போட்ட சரளைப் பாதை, அகல டயருக்குத்தான் லாயக்கு. பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். சாலையின் மேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் சரிவு 14 முதல் 20 சதவீதம். இரட்டை அம்பு என்றால் அதற்கும் மேல். அம்பு இறக்கத்தின் பக்கம் காட்டும். நீங்கள் வரும் திசைக்கு எதிராக இரட்டை அம்பு நின்றால், காலையிலேயே வேறு வழி தேடிவிடலாம்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: முன்னால் 50, 34 பல் வைத்த இரண்டு சக்கரம், பின்னால் பெரிய சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருந்தால் மேலே சொன்ன முதல் இரண்டு சுற்றுக்கும் போதும். 25 மி.மீ. டயர் போட்டிருந்தால் 28-க்கு மாறுங்கள். சுண்ணப்பாறைக்குள் இருக்கும் சிக்கிமுக்கிக் கல் மழைக்குப் பிறகு சாலைக்கு உருண்டு வரும். உடைந்த விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி டயரைக் கிழிக்கும். இலையுதிர் காலத்தில் பறவைகள் கூடு கட்டும் பருவம் முடிந்ததும் விவசாயிகள் வேலிச்செடிகளை இயந்திரத்தால் வெட்டுவார்கள், அப்போது சாலை முழுக்க முள். இரண்டு ட்யூப், ஒரு பம்ப், டயர் லீவர் இல்லாமல் கிளம்பாதீர்கள். பங்க்சர் ஆனால் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி முள்ளை எடுத்த பிறகே புது ட்யூபைப் போடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் ஐந்து நிமிடத்தில் போகும்.

இந்தப் பக்கம் குதிரை சவாரி அதிகம். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் சைக்கிளைக் கண்டால் குதிரை மிரளும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஒரு 'ஹலோ' சொல்லி, சவாரிக்காரர் திரும்பிப் பார்த்த பிறகு வலப்பக்கமாக நன்றாக விலகிப் போங்கள். குதிரைக்கு இடப்பக்கம் நுழையவே கூடாது. கார்களைப் பொறுத்தவரை, 2022-இல் திருத்திய ஹைவே கோடு என்ற சாலை விதி நூலின்படி மணிக்கு 30 மைல் வரை ஓட்டுகிறவர் சைக்கிளைத் தாண்ட 1.5 மீட்டராவது விட வேண்டும். எல்லோரும் விடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். குறுகலான சந்துச் சாலையில் ஓரத்தை உரசிக்கொண்டு போனால் இடைவெளி இருப்பதாக நினைத்து நுழைவார்கள். கொஞ்சம் நடுவிலேயே ஓட்டி, அகலமான இடம் வந்ததும் ஒதுங்கிக் கையை அசைத்து விடுங்கள். பெரும்பாலும் அவர்களும் பதிலுக்குக் கை காட்டுவார்கள்.

எப்போது வருவது? ஏப்ரல் கடைசி, மே முதல் வாரங்களில் காடுகளில் புளூபெல் பூத்துத் தரையே நீலமாகக் கிடக்கும், அப்போது வாருங்கள். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பள்ளச் சாலைகளில் பனி உறைந்தால் மத்தியானம் வரை உருகாது. அந்த மாதங்களில் தெற்கே வீல்ட் சமவெளியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கு எந்த மாதமானாலும் மாட்டுங்கள்; பள்ளச் சாலைக்குள் பகலிலும் தேவைப்படும்.

திரும்பும் ரயில் விஷயம் ஒன்று பாக்கி. ஷியருக்குப் பக்கத்து நிலையம் காம்ஷல். அங்கே நிற்கும் ரயில்கள் குறைவு, நேராக லண்டனுக்கும் போகாது. நேரம் பார்க்காமல் போய் உட்கார்ந்து குளிரில் விறைத்துப் போகாதீர்கள். அங்கிருந்து கிழக்கே டார்க்கிங்கும் மேற்கே கில்ஃபோர்டும் ஏறத்தாழ ஒரே தூரம், சுமார் பத்து கிலோமீட்டர். சர்பிட்டனுக்கு கில்ஃபோர்டிலிருந்து ரயில் மாறாமல் வந்துவிடலாம்.